பேசக் கூடாத டெலிபோன்

அந்த விற்பனையின்போது ஆபீஸ் வராந்தாவில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரிய கிளாக்கர் அம்பலவாணர், மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளை, என் அப்பா முத்துக்கருப்பன் கங்காணி, சின்னக் கிளாக்கராகிய நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரை, விற்றது அவருடைய பொருள். மற்றவர் என் அக்கா பாக்கியம், வாங்கியது அவளுக்காக.

சென்ற மாதம், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களை விற்றார்கள். ஊழியர்கள் விரும்பினால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்களாம். ஒன்றை வாங்கிய பிள்ளை என்னைப் பார்க்க வந்திருந்தார். "ஒழுங்கா வேலை செய்யாதுங்கய்யா, சும்மா ஒரு ஆசைக்கு வாங்கினேன். ஒங்க காலத்துல இப்புடி ஆபீஸ் சாமான் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். வாங்கியிருக்கிறோம். நாங்கள் வாங்கியதற்கு, வேலை செய்யாது என்ற எழுத்துமூல உறுதியே இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்ல அதிகமில்லை. தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு டிக்கோயாவில் ஒரு கடையில் கணக்கெழுதிய சில மாதங்கள். ஐம்பதுகளின் நடுவில், எங்கள் தோட்டத்து ஆபீஸிலேயே சின்னக் கிளாக்கராக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால், எழுதி வைத்ததெல்லாம் உண்மை என்று நம்பிய முதல் ஆளும் நானாகவே இருந்தேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் சனம் ஆபீஸைக் கடக்கும்போது, "கிளாக்கரய்யா, பேனா பாரமா இருக்கா, கொழுந்துக் கூடை பாரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் எனக்குச் சித்தி முறை, அத்தை முறை.

அம்பலவாணரிடம் வேலை பழகுவதென்றால் முதலில் டெலிபோனுக்குப் பழக வேண்டும். அது சுவரில் மாட்டிய ஒரு மரப்பெட்டி. மேலே இரண்டு மணிக் கிண்ணம், முன்னால் பேசுவதற்கு ஒரு குழாய், இடப்பக்கம் கொக்கியில் தொங்கும் காதுக்குழல், வலப்பக்கம் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். பெரிய பங்களா, ஆபீஸ், தொழிற்சாலை மூன்றையும் ஒரே கம்பி இணைத்திருந்தது.

யார் கூப்பிடுகிறார்கள் என்பது மணியிலேயே தெரியும். தொழிற்சாலையிலிருந்து என்றால் சின்னதாக இரண்டு சுற்று, பயந்த மாதிரி. துரை கூப்பிட்டால் ஒரே இழுப்பு. எடுக்கும்வரை நிறுத்தமாட்டார். அந்த இழுப்பு கேட்டதும் அம்பலவாணர் பேனாவைத் துணியில் துடைத்து வைப்பார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார், எழுந்து நின்று கோட்டின் மூன்று பொத்தான்களையும் கீழிருந்து மேலாகப் பூட்டுவார். அதன் பிறகுதான் குழலை எடுப்பார். பேசி முடியும்வரை நின்றபடிதான். முடிந்ததும் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றிவிட்டு உட்காருவார்.

ஒருமுறை நான் கேட்டேன். "நீங்க நிக்கிறது அவருக்குத் தெரியாதேங்கய்யா?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "நீர் அந்தத் தேயிலைப் பெட்டிக் கணக்கை முடியும்" என்றார்.

துரை யுத்த காலத்தில் பட்டாளத்தில் தந்திக் கம்பி இழுக்கும் பிரிவில் இருந்தவர். தோட்டத்துக்கு வந்து மூன்றாம் வருடமே பழைய டெலிபோன்கள் அவருக்குச் சகிக்கவில்லை. கொழும்பிலிருந்து புதிய கருவிகள் வந்தன. கறுப்பு நிறம், மேசையில் வைப்பது. மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளை ஆபீஸுக்கும் ஒன்று கிடைத்தது. புதிய கம்பி, புதிய கம்பம், ரோட்டோரமாகவே போட்டார்கள். பழைய பெட்டிகளில் பங்களாவிலிருந்ததைத் துரை தன் மகனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். மிச்சம் இரண்டையும், அவிழ்த்த கம்பிச் சுருளையும், வேலை செய்யாத சாமான் என்று எழுதித் தள்ளிவிட்டு, விற்றுவிடச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு எதற்கு டெலிபோன் என்று கேட்டால், அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, கீழ்ப்பிரிவில். டிஸ்பென்சரியும் மருத்துவச்சியம்மாவின் குவார்ட்டர்ஸும் கூப்பிடு தூரத்தில். அக்காவைக் கொடுத்தது மேற்பிரிவில். எங்கள் வாசலில் நின்றால் அவள் லயத்தின் தகரம் தெரியும், நடுவில் பள்ளத்தாக்கு. பார்வைக்குப் பக்கம், நடைக்குத் தூரம். முதல் பிரசவத்தின்போது மச்சான் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, ஏறி வந்து மருத்துவச்சியம்மாவை அழைத்துப் போனார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. அழவில்லை. இப்போது அக்கா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

ஒருநாள் பெரட்டு முடிந்து வந்த அப்பா ஆபீஸ் வராந்தாவில் கழற்றி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஜன்னலருகே வந்தார்.

"தம்பி, இதைச் சுத்துனா அந்தப் பக்கம் மணி அடிக்குமில்ல?"

"அடிக்கும்ப்பா."

"மேமலையில அக்கா வீட்டுக்கும் அடிக்குமா?"

நான் அம்பலவாணரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

விற்பனை நாளன்று கணக்கப்பிள்ளையும் வந்துவிட்டார். அவருக்கு டெலிபோன் வேண்டாம், பெட்டிதான் வேண்டும். நல்ல தேக்கு, சாமி படம் வைக்கலாம் என்று பார்த்தார். "கங்காணிக்கு எதுக்கப்பா டெலிபோன்? யாரு கூப்புடப் போறா, கவர்னரா?" என்று கேட்டார். அப்பா, "எம் மகளுங்க" என்றார். அதற்குமேல் கணக்கப்பிள்ளை கேட்கவில்லை. பதினைந்து ரூபாய்க்கு முடிந்தது.

ஆனால் அம்பலவாணர் உடனே பணத்தை வாங்கவில்லை. முதல் நாள் இரவு யோசித்திருப்பார் போலும்.

"கங்காணி, கேளும். டெலிபோன் வைச்சிருக்கிறதெண்டால் தபால் தந்தி இலாகாவின்ர அனுமதி வேணும். தோட்டத்துக்கு இருக்குது. உமக்கு இல்லை. லயத்தில ஆக்கள் டெலிபோன் கதைக்கினம் எண்டு வெளியில தெரிஞ்சால் துரைக்குத்தான் பிரச்சினை."

"அப்ப குடுக்கமாட்டீங்களாய்யா?"

"குடுப்பன். வேலை செய்யாத சாமானெண்டுதானே எழுதியிருக்கு. வேலை செய்யாத சாமானை வாங்கிற ஆள் அதில கதைக்கக் கூடாது." ரசீதை என் பக்கம் நகர்த்தினார். "எழுதும் ராமையா. 'டெலிபோனாகப் பாவிக்கப்படாது என்ற நிபந்தனையின் பேரில்.'"

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். பெட்டிகளுக்குள் இருந்த பற்றரிகளையும் அவர் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இந்தப் பெட்டிகளில் மணி அடிக்கப் பற்றரி தேவையில்லை. கைப்பிடியின் சுழற்சியே போதும். பேசுவதற்குத்தான் பற்றரி வேண்டும். அது இல்லாவிட்டால் மறுமுனைக்காரர் பேசுவது காதில் விழும், நம் குரல் போகாது.

அப்பா தலைப்பாத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "மணி அடிக்கலாமுங்களா?"

அம்பலவாணர் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார். "கதைச்சால் அது டெலிபோன். கதைக்காட்டில் அது மணி. மணி அடிக்கிறதுக்கு எந்த இலாகாவின்ர அனுமதியும் தேவையில்லை. கோயில்லயும் அடிக்கினம்தானே."

துரை அந்த ரசீதில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நானும் மச்சானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி இழுத்தோம். ரோட்டோரமாக இழுக்க அனுமதியில்லை. ஆகவே பள்ளத்தாக்கின் குறுக்கே, நிழல் மரங்களில் சோடாப் போத்தல் கழுத்துகளைக் கட்டி, அவற்றின்மேல் கம்பியைக் கொண்டுபோனோம். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்றும் பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார், அடிக்கவில்லை. ஒரு பெட்டி எங்கள் அறைச் சுவரில். மற்றது மேற்பிரிவில் அக்காவின் வீட்டு இஸ்தோப்பில், அதாவது அறைக்கு முன்னால் உள்ள அந்த ஒடுக்கமான இடத்தில். உள்ளே மாட்டினால், மணி அடிக்கிற வேளையில் மருமகள் இருக்கிற அறைக்குள் மாமனார் வர வேண்டியிருக்கும் என்று அக்காவின் மாமியார் காளியம்மா அத்தை மறுத்துவிட்டாள்.

பேச முடியாது என்பதால் கணக்கு வைத்தோம். ஒரு சுற்று அடித்தால் எல்லாம் சரி. இரண்டு அடித்தால் நேரம் கிடைக்கும்போது யாராவது வந்து போக வேண்டும். மூன்று அடித்தால் வலி. மருத்துவச்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடி வர வேண்டும். தினமும் பொழுதுசாய அக்கா பக்கம் ஒன்று அடிக்கும். நாங்கள் ஒன்று திருப்பி அடிப்போம். அடிக்கும்போது அப்பா தலைப்பாவை அவிழ்த்துவிடுவார். துரையின் குரல் வந்த டெலிபோன் என்பது அவர் மனதை விட்டுப் போகவில்லை.

லயத்தில் கேலிக்குப் பஞ்சமில்லை. "கங்காணி வீட்டு டெலிபோன் மௌன விரதம்" என்றார்கள். ஒருவர் வந்து குழாயைப் பார்த்து, "இது வாயா, காதா?" என்று கேட்டார். அம்மா சொன்னாள், "ரெண்டுமில்ல. எம் மவன் எழுதுன ரசீது."

அம்மாவுக்கு என்மேல் கோபம். அக்காவைப் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு அவளால் பள்ளம் இறங்க முடியாது. அம்மாவுக்கு ஞாயிறுகளிலும் கொழுந்து வேலை, விட முடியாது. டோர்ச் லைட் பற்றரி இரண்டைப் பெட்டிக்குள் வைத்தால் பேசலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"ஒரே ஒரு வார்த்தைடா. அவ கொரல மட்டும் கேட்டுட்டு வச்சிர்றேன்."

"எழுதிக் குடுத்திருக்கம்மா."

"யாருடா பாக்கப் போறா?"

"நான் எழுதியிருக்கேன்."

"படிக்க வச்சது எங் குத்தம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அம்பலவாணர் சொன்ன வாசகத்தை, "அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்பதை, நான் அப்போது பெரிய ஞானமாக நினைத்திருந்தேன். அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் கரண்டியைத் தேடினாள்.

ஆனி மாத மழை அந்த வருடம் கொஞ்சம் கடுமை. ஒருநாள் காலை துரை தனியாக மேற்பிரிவுக்குப் போயிருந்தார். கொழுந்து எடுக்க முடியாத மழை. வேலையில்லாமல் எல்லோரும் லயத்திலேயே கிடந்தார்கள். ஆபீஸில் நாங்கள் இருவர் மட்டும். திடீரென்று மலை பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஓடிவந்த ஒருவர், பாலத்தடி முடக்கில், ரோடு வளைகிற இடத்தில், மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது என்றார். அங்கிருந்த புதிய கம்பங்கள் நான்கும் போய்விட்டன. மேசைமேலிருந்த கறுப்பு டெலிபோனை அம்பலவாணர் எடுத்துக் காதில் வைத்தார், பிறகு வைத்துவிட்டார். துரை எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியவில்லை.

அப்போது அப்பா நனைந்துகொண்டு வந்தார். ஆபீஸ் படியில் நின்று தலைப்பாவை அவிழ்த்தார்.

"தம்பி, மணி அடிக்குதுப்பா."

நான் எழுந்துவிட்டேன். "மூணா?"

"மூணு இல்ல."

"அப்ப எத்தனை?"

"எண்ண முடியல. ஒரே இழுப்பா இழுக்குது. நிக்கவே மாட்டேங்குது. எண்ணத் தெரியாதவன் யாரோ சுத்துறான்."

அம்பலவாணர் பேனாவைத் துடைத்து வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அது துரை" என்றார்.

பத்து வருடத்துக்கு மேலாக அந்தத் தோட்டத்தில் இருந்த அம்பலவாணர், லயத்துக்குள் காலடி வைத்தது அன்றுதான் முதல் தடவை. குடையை வாசலில் சாத்தினார், குனிந்து உள்ளே வந்தார். ஈரத் துணி காயப்போட்ட கயிறு அவர் நெற்றியைத் தொட்டது. மணி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் நின்றபடி கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினார். குழலை எடுத்தார்.

துரைதான். மேலே கணக்கப்பிள்ளை ஆபீஸில் டெலிபோன் செத்துப்போயிருக்க, பள்ளத்தின் குறுக்கே போகும் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, அது முடிகிற இடமான அக்காவின் வீட்டுக்கு வந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்து, தன் கையிலிருந்த டோர்ச்சின் பற்றரிகளைக் கழற்றி உள்ளே செருகியிருக்கிறார். பழைய பட்டாளத்துக்காரர் அல்லவா. ஆகவே அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. எங்கள் பெட்டியில் பற்றரி இல்லை. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. விளங்கினால் கைப்பிடியை ஒரு தடவை சுற்று என்றாராம். அம்பலவாணர் சுற்றினார். துரையின் காதில் அது கறகறவென்று விழுந்திருக்க வேண்டும். அவர் சொன்ன வார்த்தையைப் பெரிய கிளாக்கர் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

"ஆபீஸ்ல பூட்டி வச்ச பற்றரிய எடுத்துட்டு வரட்டுங்களாய்யா?" என்று நான் கேட்டேன்.

"வேண்டாம். நான் கதைக்கேல்லை. கேக்கிறன். கேக்கிறதுக்கு நிபந்தனையில ஒண்டும் இல்லை. எழுதும்."

அவர் கேட்டுக் கேட்டுச் சொல்ல நான் எழுதினேன். பாலத்தடி முடக்கு மூடிக் கிடக்குதாம். மண்வெட்டியோட ஆக்களை அனுப்பட்டாம். லொறியை இந்தப் பக்கத்திலேயே நிப்பாட்டட்டாம். தொழிற்சாலையில் நெருப்பைக் குறைக்கட்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று.

மேலே அதே நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. பிறகு காளியம்மா அத்தை சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளங்காது. அக்காவுக்கு விடியும்போதே லேசாக எடுத்த வலி கூடியிருக்கிறது. அத்தை மணியைச் சுற்ற இஸ்தோப்புக்கு வந்த நேரம், துரை படியேறி வந்துவிட்டார். துரை நிற்கிற இடத்தில் நாங்கள் நிற்பதில்லை. அவர் கேட்காமல் எதுவும் சொல்வதில்லை. அத்தை கொங்காணிக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் முற்றத்தில் இறங்கி நின்றாள். மாமா பக்கத்தில், தலைப்பா கக்கத்தில். மச்சான் அவர்களுக்குப் பின்னால். டெலிபோனுக்கும் அவர்களுக்கும் இடையில் துரை. அக்கா உள்ளே துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். துரை பேசும்போது சத்தம் போடக் கூடாதே என்று. யாருக்காக அந்தப் பெட்டியை வாங்கினோமோ அவளுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரே நாளில், அது வேலையாயிருந்தது.

இங்கே அம்பலவாணர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். புருவம் சுருங்கியது. குழலைக் காதோடு அழுத்தினார்.

"அங்க ஒரு பொம்பிளையின்ர குரல் கேக்குது."

துரை ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு விட்ட இடைவெளியில் அது வந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பு. அனுமதி கேட்காமல், என் மேலதிகாரியின் கையிலிருந்து குழலைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். அக்கா. வார்த்தையில்லை, ஆனால் அக்கா.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "குடுடா" என்றாள். குழல் அவள் கைக்குப் போயிற்று. மூன்று மாதம் கேட்க ஆசைப்பட்ட குரலை அவள் அப்படித்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் குழாய்க்குள், "ஏ பாக்கியம், ஆத்தா இங்கதான் இருக்கேன்டி" என்று கத்தினாள். போகாத குரல். போகாது என்று அவளுக்கும் தெரியும்.

நான் கைப்பிடியைப் பிடித்து மூன்று தடவை சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே நிறுத்தி, தெளிவாக.

அம்பலவாணர் குழலைத் திரும்ப வாங்கிக் கேட்டார். "மூண்டு எதுக்கெண்டு கேக்கிறார்."

பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. அலுமாரியில் பூட்டிய பற்றரிகள் என் நினைவுக்கு வந்தன. அவருக்கும் வந்திருக்க வேண்டும். என் பக்கம் பார்க்கவில்லை.

அங்கே துரை குழாயிலிருந்து திரும்பி, முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்துத் தன் தமிழில் கேட்டிருக்கிறார்: "இது என்ன மூணு?" கேள்வி கேட்டாகிவிட்டது. இனிப் பதில் சொல்லலாம்.

"வலிங்க தொரை" என்று அத்தை சொன்னது குழல் வழியாக அம்பலவாணர் காதிலேயே விழுந்தது. "மருமவளுக்கு வலி வந்திருச்சுங்க. மருத்துவச்சிக்கு மூணுங்க."

அதன் பிறகு துரை பேசியது அரை நிமிடம்கூட இராது. அம்பலவாணர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குழலை மாட்டினார். "கங்காணி, ஓடிப்போய் மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு லொறிக்கு வாரும். முடக்கு மட்டும் லொறி போகும். மற்றப் பக்கத்தில துரை ஆக்களோட வந்து நிப்பார், மண்ணுக்கு மேலால தூக்கி விடுவினம்."

லொறி ஒரு அடி நகர வேண்டுமென்றாலும் துரையின் கையெழுத்து வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "கையெழுத்துப் பிறகு."

அந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்பா ஓடினார். அம்பலவாணர் லொறிக்காரனிடமும் மற்றவர்களிடமும் துரை சொன்னதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். துரை மறுபடி கூப்பிட்டால் கேட்க ஆள் வேண்டும் என்றார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா சாயத் தண்ணீர், அதாவது பாலில்லாத தேநீர், ஊற்றி, ஒரு துண்டுச் சக்கரையோடு அவர் முன்னால் வைத்துவிட்டு, வைத்தது தவறோ என்று பின்வாங்கினாள். அவர் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்துக் குடித்தார்.

மழை விடவில்லை. துரை திரும்பக் கூப்பிடவும் இல்லை. ரோட்டுக்கு இறங்கும்போது அவர் தன் டோர்ச் பற்றரிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு அறிந்தோம். பிள்ளை பிறந்தால் எத்தனை அடிப்பது என்று நாங்கள் கணக்கு வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலிக்கு வைத்தோம். அதற்குப் பிறகுள்ளதற்கு வைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை.

அம்மா வெங்காயம் உரித்தாள். சமைக்க ஒன்றுமில்லை, உரித்தாள்.

நடுப்பகல் தாண்டி மணி அடித்தது.

அம்பலவாணர் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று பொத்தானைப் பூட்டினார். ஒன்று. நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம். இரண்டு என்றால் ஆள் வரச் சொல்கிறார்கள். எதற்கு வரச் சொல்வார்கள் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அம்மாவின் கையில் பாதி உரித்த வெங்காயம். கூரைத் தகரத்தில் மழை. இரண்டாவது வரவில்லை. நான் வாசலுக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தேன். அப்போதும் வரவில்லை.

"ஒண்டெண்டால் என்ன?" என்று அம்பலவாணர் கேட்டார்.

"எல்லாம் சரிங்கய்யா."

அவர் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினார். அம்மா எழுந்து போய், கைப்பிடியை ஒரே ஒரு தடவை சுற்றினாள். அதுவரை அவள் கைப்பிடியைத் தொட்டதில்லை.

பெண் பிள்ளை. தூக்கிப் போன ஆட்களுக்குச் சமமாக மருத்துவச்சியம்மாவும் சேறாகி வந்து சேர்ந்ததாகவும், பிள்ளை கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாகவும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போன தடவை மாதிரித்தான் என்றும் அப்பா மறுநாள் வந்து சொன்னார்.

ரோட்டைச் சரிசெய்து முடித்த வாரத்தில் அம்பலவாணர் அப்பாவை ஆபீஸுக்கு அழைத்தார். மேசைமேல் பழைய ரசீது. பக்கத்தில் பதினைந்து ரூபாய்.

"கங்காணி, ஒரு பிழை நடந்து போச்சு. வேலை செய்யாத சாமானெண்டு எழுதித்தான் நான் வித்தனான். அது வேலை செய்யிறதைத் துரை தானே கண்டிட்டார். வேலை செய்யிற சாமானை அப்பிடி எழுதி வித்தது செல்லாது. வித்தது ரத்து. காசை எண்ணிப் பாரும். அண்டைக்கும் இண்டைக்கும் அது தோட்டத்தின்ர சாமான். மழைக்காலத்துக்கு அந்தக் கம்பியும் இருக்கட்டும் எண்டு துரை சொல்லுறார். பெட்டிகள் இந்த ஆபீஸுக்கும் மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளை ஆபீஸுக்கும் போகும்."

அப்பா பணத்தைத் தொடவில்லை. "நாங்க அதுல பேசலீங்கய்யா. சத்தியமா. எம் மவன் விடலீங்க."

"தெரியும். கதைச்சது துரை. நான் கேட்டனான். மணி அடிச்சதுக்குக் காசில்லை; மணி டெலிபோன் இல்லை. உம்மட மனுசி கேட்டதுக்கும் காசில்லை; கேக்கிறது கதைக்கிறதில்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனால் துரை கதைச்சதில இரண்டு பகுதி இருக்குது. மண்ணும் லொறியும் நெருப்பும் தோட்டத்து அலுவல். மருத்துவிச்சியைக் கூப்பிட்டது உங்கட அலுவல். சொந்த அலுவலுக்குத் தோட்டத்து டெலிபோன் பாவிச்சால் கட்டணம் கட்ட வேணும். ஸ்டாஃப் ஆக்களும் கட்டினம். நானும் கட்டுறன்."

நான் தலையைக் குனிந்து தேயிலைப் பெட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இலக்கமும் கண்ணில் படவில்லை.

அப்பா பதினைந்து ரூபாயை எடுத்து மடியில் செருகினார். தலைப்பாத் துணியின் முடிச்சை அவிழ்த்து நாணயம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை.

"ரசீது வேணுமுங்கய்யா."

அம்பலவாணர் அவரை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "எழுதும் ராமையா" என்று சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை நின்றபடியே, கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினார். அந்தக் காகிதம் இன்று என் அக்கா மகளிடம் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்: முத்துக்கருப்பன் கங்காணி, பிள்ளைப்பேற்றுக்காக அழைப்பு ஒன்று, இருபத்தைந்து சதம்.